நயாகராவை ஊர்ச் சொத்து ஆக்கியவர்

சுருட்டுப் பெட்டி செய்து விற்றவர், கோடீசுவரர்களோடு மோதி வென்ற வரலாறு

கனடா நாட்டில் ஒன்டாரியோ என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே ஒரு வேடிக்கையைக் காணலாம். மின்சாரத்தைப் பலர் மின்சாரம் என்று சொல்வது இல்லை. ஹைட்ரோ என்கிறார்கள். மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தால், ஹைட்ரோ சீட்டு வந்திருக்கிறது என்பார்கள்.

ஹைட்ரோ என்றால் தண்ணீர் என்று பொருள். விளக்கு எரிவதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவர் ஒரு மனிதர். அவர் பெயர் ஆடம் பெக். அவர் என்ஜினீயர் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. சுருட்டுப் பெட்டி செய்து விற்றவர்!

அவர் எப்படி நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தியை ஊர் ஜனங்களின் சொத்தாக ஆக்கினார்? அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

தந்தை கட்டிய ஊர்

ஆடம் பெக் 1857-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந்தேதி பிறந்தார். பிறந்த ஊர், ஒன்டாரியோவில் உள்ள பேடன். அது சிறிய ஊர். அந்த ஊரை உண்டாக்கியவரே அவருடைய தந்தை ஜேக்கப் பெக்தான்.

ஜேக்கப் பெக், ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர். கடும் உழைப்பாளி. மாவு ஆலை வைத்தார். இரும்பு வார்ப்படப் பட்டறை வைத்தார். அதைச் சுற்றி வீடுகள் எழும்பின. ஊர் உண்டாயிற்று. தாம் பிறந்த நாட்டின் நினைவாக ஊருக்குப் பேடன் என்று பெயர் வைத்தார்.

சிறுவன் ஆடத்துக்குப் படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. குதிரை என்றால் உயிர். பட்டறை வேலையிலும் ஆசை உண்டு.

1879-ம் ஆண்டு குடும்பத்துக்குக் கஷ்ட காலம் வந்தது. தந்தையின் தொழில் நொடித்தது. ஊரையே உண்டாக்கிய மனிதர், அந்த ஊரை விட்டு வெளியேறும்படி ஆயிற்று. அப்போது ஆடத்துக்கு 22 வயது.

சொத்து போய்விட்டது. ஆனால் கையும் காலும் இருந்தன. ஆடம் தன் சகோதரர் வில்லியத்துடன் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினார். சுருட்டு அடைக்கும் மரப்பெட்டி செய்யும் தொழில். மரத்தை மெல்லிய பலகையாகச் சீவ வேண்டும். பெட்டியாக அடிக்க வேண்டும். சுருட்டுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்துத் தொழிலை லண்டன் என்னும் ஊருக்கு மாற்றினார்கள். இது இங்கிலாந்தின் தலைநகரமான லண்டன் அல்ல. ஒன்டாரியோவிலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே சுருட்டுத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. பெட்டித் தொழிலும் கூடவே வளர்ந்தது. இழந்த செல்வம் திரும்பி வந்தது.

குதிரையும் கலியாணமும்

பணம் சேர்ந்ததும் பெக் குதிரைகள் வாங்கினார். குதிரைப் பந்தயம், தடை தாண்டும் போட்டி எல்லாவற்றிலும் கலந்துகொண்டார். அப்படி ஒரு போட்டியின்போது லிலியன் என்ற பெண்ணைக் கண்டார். அவளும் குதிரை ஏறுவதில் கெட்டிக்காரி. நன்றாகப் பாடுவாள்.

1898-ம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 41. மணப்பெண் அவரை விட இருபது வயதுக்கு மேல் இளையவள். ஆயினும் ஒத்த மனம் உடைய தம்பதிகளாக வாழ்ந்தார்கள். ஒரே பெண் குழந்தை பிறந்தது. மேரியன் என்று பெயர் வைத்தார்கள்.

1902-ம் ஆண்டு பெக் லண்டன் நகரத்தின் மேயர் ஆனார். மேயர் என்றால் நகரசபைத் தலைவர். அதே ஆண்டில் மாகாணச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த ஆண்டுதான் ஒன்டாரியோவை ஒரு பெரும் பயம் பிடித்தது.

கரி இல்லாத மாகாணம்

ஒன்டாரியோவில் காடு உண்டு. வயல் உண்டு. ஏரிகள் உண்டு. தொழிற்சாலைகளும் பெருகி வந்தன. ஆனால் நிலக்கரி கிடையாது. எந்திரம் ஓடவும், குளிர் காலத்தில் வீட்டில் கணப்பு மூட்டவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் இருந்துதான் கரி வரவேண்டும்.

1902-ம் ஆண்டு மே மாதம் பென்சில்வேனியாச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது அக்டோபர் மாதம் வரை நீடித்தது. கரி வரவில்லை. வந்த சிறிதளவு கரிக்கும் விலை மலைபோல ஏறியது. கனடாவின் குளிர் சாதாரணக் குளிர் அல்ல. வீட்டுக்குள் தண்ணீர் உறைந்துபோகும் குளிர். தாய்மார்கள் குழந்தைகளை நினைத்துப் பயந்தார்கள். முதலாளிகள் தொழிற்சாலையை நினைத்துப் பயந்தார்கள்.

அப்போது எல்லோருடைய கண்ணும் நயாகராவின் பக்கம் திரும்பியது.

நயாகரா நீர்வீழ்ச்சி, கனடாவும் அமெரிக்காவும் சேரும் எல்லையில் இருக்கிறது. ஏறத்தாழ 170 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் இரவும் பகலும் கொட்டுகிறது. கரியை வெட்டினால் தீர்ந்துபோகும். இந்தத் தண்ணீர் தீராது. அதன் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றினால் மின்சாரம் கிடைக்கும். 1896-ம் ஆண்டிலேயே அமெரிக்கப் பக்கத்தில் நயாகரா மின்சாரம், இருபது மைலுக்கு மேல் கம்பியில் ஓடி, பபலோ நகரத்துக்குப் போய்விட்டது.

தண்ணீர் இருக்கிறது. வழியும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்த மின்சாரம் யாருக்குச் சொந்தம்?

மூன்று பெரும் புள்ளிகள்

கனடாப் பக்கத்து நயாகராவில் மின்சாரம் எடுக்க, மூன்று கம்பெனிகள் அனுமதி வாங்கியிருந்தன. இரண்டு கம்பெனிகள் அமெரிக்கர்களுக்கு வேண்டியவை. மூன்றாவது கம்பெனி, டொரொன்டோ நகரத்துப் பெரும் புள்ளிகளுடையது. 1903-ம் ஆண்டு அது அனுமதி பெற்றது.

அந்தப் பெரும் புள்ளிகள் மூன்று பேர். ஒருவர் வில்லியம் மெக்கன்சி. ரெயில்வேக்களும், டொரொன்டோவின் டிராம் வண்டிகளும் அவர் கையில் இருந்தன. இன்னொருவர் பிரெடரிக் நிக்கல்ஸ். மின்சார எந்திரங்கள் செய்யும் கம்பெனியின் தலைவர். மூன்றாமவர் ஹென்றி பெல்லட். டொரொன்டோவுக்கு விளக்கு மின்சாரம் கொடுத்துவந்தது அவருடைய கம்பெனி.

உற்பத்தி அவர்களுடையது. கம்பி அவர்களுடையது. டொரொன்டோவில் விளக்குக் கம்பெனியும் டிராமும் அவர்களுடையவை. விலை வைப்பதும் அவர்களே.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நயாகராப் பாறையை உடைத்து, அந்தப் பேய் வெள்ளத்தின் நடுவே நிலையம் கட்டுவது சாமானியமான காரியமா? பெரும் பணத்தைத் துணிந்து போட்டவர்கள் அவர்கள். போட்ட பணத்துக்கு லாபம் வேண்டாமா என்பது அவர்கள் வாதம்.

ஆனால் சிற்றூர்களுக்குப் பயம். டொரொன்டோ பெரிய நகரம். அங்கே மின்சாரம் வந்தால் எல்லாத் தொழிலும் அங்கேயே போய்விடும். நம் ஊருக்குக் கம்பி வருமா? வந்தாலும் நாம் கொடுக்கக்கூடிய விலைக்கு வருமா? இப்படி லண்டன், பெர்லின், கெல்ப் முதலிய ஊர்களின் வியாபாரிகள் கவலைப்பட்டார்கள்.

சைக்கிளில் வந்த யோசனை

உண்மையைச் சொல்லவேண்டும். ஊர்கள் ஒன்றுசேர்ந்து மின்சாரம் வாங்கவேண்டும் என்ற யோசனை முதலில் பெக்குடையது அல்ல.

ஸ்னைடர் என்று ஓர் ஆலை முதலாளி. டெட்வைலர் என்று ஒரு செருப்பு வியாபாரி. இவர்கள்தான் விதை போட்டவர்கள். டெட்வைலர் சைக்கிளில் ஏறி ஊர் ஊராகப் போனார். நகரசபைக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

1903-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்லின் என்னும் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. இதுவும் ஜெர்மனியின் பெர்லின் அல்ல. ஜெர்மானியர்கள் குடியேறிய ஒன்டாரியோ ஊர். (1916-ம் ஆண்டு அந்த ஊருக்குக் கிச்சனர் என்று பெயர் மாற்றப்பட்டது.) பல ஊர்களின் பிரதிநிதிகள் அங்கே கூடினார்கள். லண்டன் மேயர் என்ற முறையில் பெக்கும் போனார்.

போகும்போது அவர் கூட்டத்தில் ஒருவர். கொஞ்ச காலத்தில் கூட்டத்துக்கே தலைவர் ஆகிவிட்டார்.

அவர் மனதில் பட்டது இதுதான். ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது. அதில் எல்லோரும் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தக் கிணற்றை ஒருவன் வளைத்துக்கொண்டு, குடத்துக்கு இவ்வளவு காசு என்று கேட்டால் ஊர் பொறுக்குமா? நயாகரா, கடவுள் வெட்டிய கிணறு. அதில் லாபக் கணக்குப் பார்க்கக்கூடாது. என்ன அடக்கமோ, அந்த விலைக்கு எல்லா ஊருக்கும் மின்சாரம் கிடைக்கவேண்டும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பெக் பொதுவுடைமைக்காரர் அல்ல. அவரே ஒரு முதலாளி. பழமைக் கட்சியைச் சேர்ந்தவர். அவருக்கு ஆதரவாக நின்றவர்களிலும் பலர் தொழிற்சாலை முதலாளிகளே. மலிவான மின்சாரம் கிடைத்தால்தான் மற்றத் தொழில்கள் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டுப் போட்ட ஊர்கள்

1905-ம் ஆண்டு தேர்தலில் பெக்கின் கட்சி ஜெயித்தது. ஜேம்ஸ் விட்னி முதல்-மந்திரி ஆனார். பெக்கை இலாகா இல்லாத மந்திரி ஆக்கினார்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டொரொன்டோ ஒரு காட்சியைக் கண்டது. ஊர் ஊராக இருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரசபைக்காரர்கள், சட்டசபைக் கட்டிடத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். மலிவு விலையில் மின்சாரம் கேட்டார்கள்.

அதே ஆண்டில் சட்டம் வந்தது. ஒன்டாரியோ நீர் மின்சாரக் கமிஷன் பிறந்தது. அதைத்தான் ஜனங்கள் சுருக்கமாக ஹைட்ரோ என்றார்கள். பெக் அதன் முதல் தலைவர்.

கமிஷன் எப்படி வேலை செய்தது? ஊர்கள் ஒன்றுசேர்ந்து மின்சாரம் கேட்கும். கமிஷன் மொத்தமாக வாங்கும். கம்பி போட்டு ஊர் எல்லை வரை கொண்டுபோய்க் கொடுக்கும். ஊருக்குள் வீடு வீடாகக் கொடுப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு. கம்பி போடக் கடன் வாங்கவேண்டுமே? மாகாண அரசாங்கம் ஜாமீன் நிற்கும். ஊர்கள் கட்டணத்தில் இருந்து பல ஆண்டுகளில் கடனை அடைக்கும். கடன் தீர்ந்தால் எல்லாம் ஊர்களின் சொத்து.

இதை ஜனங்களிடம் கேட்காமல் செய்யவில்லை. 1907, 1908-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஊர் ஊராக ஓட்டு எடுத்தார்கள். பெரும்பாலான ஊர்கள் பெக்கின் பக்கம் ஓட்டுப் போட்டன.

முதலில் கமிஷன் சொந்தமாக நிலையம் கட்டவில்லை. டொரொன்டோப் புள்ளிகள் விலையில் இறங்கி வரவில்லை. பெக் நேரே அமெரிக்கர்களுடைய கம்பெனியிடம் போனார். ஒரு குதிரை சக்திக்கு ஆண்டுக்கு ஒன்பது டாலர் சில்லறை என்று பேசி முடித்தார். டொரொன்டோ புள்ளிகள் திகைத்துப் போனார்கள்.

கோர்ட்டுக் கதவு மூடியது

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். ஊர்கள் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். இங்கிலாந்தில் கடன் பத்திரம் வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். ஒன்டாரியோவை நம்பிப் பணம் போடாதீர்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

விட்னியின் அரசாங்கம் 1909-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. ஊர்களின் ஒப்பந்தம் செல்லும், அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்றது அந்தச் சட்டம். கோர்ட்டுக் கதவையே மூடிவிட்ட சட்டம் அது. பெக்கின் நண்பர்களில் சிலருக்கே இது சங்கடமாக இருந்தது. நல்ல காரியமாக இருந்தாலும், ஒருவன் நியாயம் கேட்கும் வழியை அடைக்கலாமா என்று கேட்டார்கள்.

அந்தச் சட்டத்தை ரத்து செய்யும்படி மத்திய அரசாங்கத்திடம் கம்பெனிக்காரர்கள் முறையிட்டார்கள். மத்திய அரசாங்கம் மறுத்துவிட்டது. பெக் ஜெயித்தார்.

விளக்கு எரிந்தது

நயாகராவில் இருந்து ஊர்களுக்கு இரும்புக் கோபுரங்கள் எழும்பின. ஏறத்தாழ 300 மைல் தூரத்துக்குக் கம்பி ஓடியது. அந்தக் கம்பியில் 1,10,000 வோல்ட் மின்சாரம் பாய்ந்தது. அந்தக் காலத்தில் அது மலைக்கத்தக்க அளவு.

1910-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந்தேதி. இடம், முதல் கூட்டம் நடந்த அதே பெர்லின். ஊரே திரண்டிருந்தது. பித்தானை அழுத்தவேண்டியவர் முதல்-மந்திரி விட்னி. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் நின்ற பெக்கின் கையைப் பிடித்தார். அந்தக் கையைக் கொண்டே பித்தானை அழுத்தினார்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

தந்தை நொடித்தபோது வெறுங்கையாக நின்றவருடைய கை அது.

மகளுக்கு வந்த நோய்

வெளியே வெற்றிமேல் வெற்றி. வீட்டுக்குள் ஒரு துயரம் இருந்தது. ஒரே மகள் மேரியனுக்குச் சிறு வயதிலேயே காச நோய் கண்டது.

அந்தக் காலத்தில் காச நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. இவைதான் மருந்து. பெக் பணக்காரர். மகளுக்கு நல்ல வைத்தியம் பார்க்க முடிந்தது. பணம் இல்லாதவர்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பெற்றவர்களின் மனம் இதையே நினைத்தது.

பெக்கும் லிலியனும் கைப்பணம் போட்டார்கள். மற்றவர்களிடமும் திரட்டினார்கள். 1910-ம் ஆண்டு லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு காச நோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஏழைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. மேரியன் பிழைத்து வளர்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் பிறர் பெற்ற பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

பெக்கின் சர்க்கஸ்

ஊர்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கிராமத்துக்கு? குடியானவர் வீட்டுக்கு?

குடியானவர்கள் நம்பவில்லை. கம்பியைத் தொட்டால் சாவு என்று பயந்தார்கள். பெக் ஒரு யுக்தி செய்தார். வண்டிகளில் மின்சார எந்திரங்களை ஏற்றினார். கிராமம் கிராமமாக அனுப்பினார். மின்சாரத்தால் கதிர் அடித்துக் காட்டினார்கள். பால் கறந்து காட்டினார்கள். விறகு அறுத்துக் காட்டினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஹைட்ரோ சர்க்கஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு வீட்டுக்குக் கம்பி போடும் செலவில் நகரத்தில் பல வீடுகளுக்குப் போட்டுவிடலாம். லாபம் பார்க்கும் கம்பெனி அங்கே போகாது. அடக்க விலை என்றாலும் குடியானவருக்குக் கட்டாது. கடைசியில் 1921-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கிராமக் கம்பிச் செலவில் பாதி வரை மாகாண அரசாங்கமே கொடுக்க அது வழி செய்தது. அதன் பிறகே கிராமங்களில் மெல்ல விளக்கு எரிந்தது.

1914-ம் ஆண்டு மன்னர் பெக்குக்குச் சர் பட்டம் அளித்தார். முதல் உலக யுத்தம் வந்தது. குதிரையைப் பற்றி நன்கு அறிந்தவர் ஆதலால், ராணுவத்துக்குக் குதிரை வாங்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

ஆற்றைத் திருப்பியவர்

யுத்த காலத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடின. மின்சாரம் போதவில்லை. 1917-ம் ஆண்டு கமிஷன், தனக்கு மின்சாரம் விற்றுவந்த அமெரிக்கக் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. அதோடு ஒரு மாபெரும் வேலையிலும் இறங்கியது.

நீர்வீழ்ச்சியின் அடியில் நிலையம் கட்டினால் 170 அடி வீழ்ச்சியின் சக்திதான் கிடைக்கும். நீர்வீழ்ச்சிக்கு மேலேயே தண்ணீரைத் திருப்பி, கால்வாய் வழியாகக் குயின்ஸ்டன் என்னும் இடத்துக்குக் கொண்டுபோனால்? அங்கே ஏறத்தாழ 300 அடி வீழ்ச்சி கிடைக்கும். அதே தண்ணீரில் அதிக மின்சாரம்!

பாறையை உடைத்து எட்டு மைலுக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். வெல்லண்ட் என்ற சிற்றாறு நயாகராவில் போய்க் கலந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியை ஆழப்படுத்தி, தண்ணீரைப் பின்னோக்கி ஓடவைத்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாடுபட்டார்கள்.

செலவு? முதலில் போட்ட மதிப்பு சுமார் ஒரு கோடி டாலர். முடிந்தபோது ஏழு கோடி டாலருக்கும் மேல். வேலை நடுவில் பெரிதாயிற்று, யுத்தத்தால் கூலியும் விலையும் ஏறின என்பது உண்மை. ஆனால் செலவு ஏறுவதை பெக் அரசாங்கத்துக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பதும் உண்மை.

தலைக்கனம்

இங்கேதான் பெக்கின் குறை தெரிகிறது. வெற்றி அவரை மாற்றிவிட்டது. தாம் செய்வதே சரி என்று நினைத்தார். கேள்வி கேட்பவர்களை எல்லாம் கம்பெனிகளின் கையாட்கள் என்று தூற்றினார். மந்திரிகளுக்குக் கணக்குக் காட்ட மறுத்தார். கமிஷன் ஜனங்களின் சொத்து என்றார். ஆனால் அதைத் தம் சொந்தக் குதிரையைப் போல நடத்தினார்.

மின்சார ரெயில்களை மாகாணம் முழுவதும் ஓட்டவேண்டும் என்று அவருக்கு இன்னொரு கனவு. மோட்டார் கார்கள் பெருகிவந்த காலம் அது. ரெயில் நஷ்டத்தில் முடியும் என்று விசாரணைக் குழு சொன்னது. பெக் கேட்கவில்லை. கடைசியில் டொரொன்டோ ஜனங்களே அந்தத் திட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். எந்த ஓட்டால் அவர் உயர்ந்தாரோ, அதே ஓட்டு அவரை நிறுத்தியது.

1919-ம் ஆண்டு தேர்தலில் சொந்த ஊரான லண்டனிலேயே தோற்றார். கமிஷன் தலைவர் பதவி மட்டும் மிஞ்சியது.

1921-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மனைவி லிலியன் இறந்தாள். அவளை விட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், தனியாக நின்றார். அதே ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந்தேதி குயின்ஸ்டன் நிலையம் ஓடத் தொடங்கியது. கட்டி முடிந்தபோது உலகத்திலேயே பெரிய நீர் மின்சார நிலையம் அது. அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் அவள் இல்லை.

விசாரணை

செலவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. நீண்ட காலம் விசாரித்தார்கள். பெக் பணத்தைத் தண்ணீராகச் செலவிட்டார், அரசாங்கத்தை மதிக்கவில்லை என்று கண்டித்தார்கள். அதே சமயம் ஹைட்ரோ உறுதியான அடிப்படையில் நிற்கிறது, ஊர்களுக்கு நன்மை செய்திருக்கிறது என்றும் முடிவு சொன்னார்கள்.

பிறகு கமிஷனின் காரியதரிசியே அவர் மீது புகார்களை அடுக்கினார். அதையும் ஒரு நீதிபதி விசாரித்தார். பெரிய குற்றம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

1923-ம் ஆண்டு தேர்தலில் பெக் மீண்டும் ஜெயித்தார். ஆனால் உடம்பு ஒடுங்கிவிட்டது. ரத்தம் குன்றும் நோய். படுக்கையில் இருந்தபடியே வேலை பார்த்தார். 1925-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந்தேதி லண்டனில் தம் வீட்டில் காலமானார். வயது 68. லிலியன் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அரண்மனையும் சிலையும்

எதிர்த்து நின்றவர்கள் என்ன ஆனார்கள்?

பெல்லட் டொரொன்டோவில் 98 அறைகள் கொண்ட மாளிகை கட்டினார். காசா லோமா என்று அதற்குப் பெயர். மின்சாரத் தொழில் பொதுவுடைமை ஆனது அவருக்கு ஓர் அடி. நில வியாபாரமும், 1923-ம் ஆண்டு ஒரு பாங்கு முறிந்ததும் அடுத்த அடி. மாளிகையை விட்டு வெளியேறினார். சாமான்கள் ஏலம் போயின. 1939-ம் ஆண்டு வறிய நிலையில் இறந்தார். அவருடைய மாளிகை நகரத்தின் சொத்து ஆயிற்று. இப்போது பயணிகள் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

டொரொன்டோவின் அகன்ற சாலை ஒன்றில் பெக்கின் சிலை நிற்கிறது. 1934-ம் ஆண்டு வைத்தது. குயின்ஸ்டன் நிலையத்துக்கு 1950-ம் ஆண்டு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்த நிலையம் மாகாண அரசாங்கத்தின் கம்பெனிக்குச் சொந்தமானது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கால ஓட்டத்தில் ஹைட்ரோ பெரிதாயிற்று. அணு மின் நிலையங்கள் கட்டியது. கடன் ஏறியது. 1999-ம் ஆண்டு அதைப் பல கம்பெனிகளாகப் பிரித்தார்கள். கம்பிகளை வைத்திருந்த கம்பெனியின் பங்குகளை 2015-ம் ஆண்டு முதல் மாகாண அரசாங்கம் வெளியாருக்கு விற்றது. பாதிக்கு மேல் விற்றுப் போயிற்று. விற்கலாமா, கூடாதா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. நூறு ஆண்டுக்கு முன் கேட்ட அதே கேள்வி!

அந்தக் கேள்விக்குப் பெக்கின் வாழ்வில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. பொதுவில் இருந்ததால்தான், லாபம் இல்லாத கிராமத்துக்கும் கம்பி போயிற்று. இது ஒரு பதில். பொதுச் சொத்து என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது, அதன் கணக்கைப் பொதுவில் வைக்கவேண்டும். இது இன்னொரு பதில். முதல் பாடத்தைப் பெக் உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது பாடத்தை உலகம் பெக்குக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஒன்டாரியோவில் மாலை நேரத்தில் விளக்குப் போடும் தாய்மார்களில் பலருக்கு ஆடம் பெக்கின் பெயர் தெரியாது. ஆனால் ஹைட்ரோ என்று சொல்லும்போதெல்லாம், அந்தச் சுருட்டுப் பெட்டி வியாபாரியைத்தான் அவர்கள் நினைவு கூர்கிறார்கள்.